படிவம் வரைந்தவர் யார்?

ஆத்தூருக்குத் தெற்கே, பச்சைமலையைப் பார்த்தபடி, சுவேத நதிக்கரையிலே இருக்கிறது கெங்கவல்லி. மரவள்ளியும் மக்காச்சோளமும் பருத்தியும் பாக்கும் விளைகிற பூமி. மழை பெய்தால் ஆற்றிலே வெள்ளம். பொய்த்தால் வெறும் மணல். பக்கத்திலே தம்மம்பட்டி. கட்டை மரத்திலே யாளியையும் குதிரையையும் செதுக்கி நிறுத்தும் கைவினைஞர் வாழும் ஊர். உழைப்புக்கு இந்த வட்டாரத்திலே பஞ்சமில்லை; அறிவுக்கும் பஞ்சமில்லை. ஆயினும், கிழங்குக் காட்டிலே கூலி வேலை செய்யும் ஒரு தாயின் மகள், "நான் டாக்டருக்குப் படிக்கப் போகிறேன்" என்று சொன்னால், ஊரார் அவளை ஒருமுறை திரும்பிப் பார்க்கிறார்கள். அவளுடைய அறிவிலே அவர்களுக்கு ஐயம் இல்லை. அவளுக்கும் கல்லூரிக்கும் நடுவே நிற்கும் படிவத்தை அவர்கள் அறிவார்கள்!

அந்தப் படிவத்தைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறோம்.

மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பம் போடுவது என்றால், பெயரையும் விலாசத்தையும் எழுதி, கையெழுத்திட்டு, தபாலிலே சேர்ப்பது என்று எண்ணுவோர் இன்னும் உண்டு. அந்தக் காலம் போயிற்று. இன்று முதல் விண்ணப்பம் தேசியத் தேர்வு முகமைக்கு, 'நீட்' எனும் நுழைவுத் தேர்வை எழுத அனுமதி கேட்டு. தேறிய பிறகு இரண்டாவது விண்ணப்பம் சென்னையிலே உள்ள மாநிலத் தேர்வுக் குழுவுக்கு, இடம் கேட்டு. அகில இந்திய ஒதுக்கீட்டு இடமும் வேண்டுமானால், டில்லியிலே உள்ள கலந்தாய்வுக் குழுவுக்கு மூன்றாவது. மூன்றும் கணினி வழியேதான். 2025ஆம் ஆண்டு நீட் தேர்வுக்குக் கட்டணம் பொதுப் பிரிவினருக்கு 1,700 ரூபாய்; இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 1,600; தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் 1,000. புகைப்படம் கேட்கிறார்கள், கையெழுத்துக் கேட்கிறார்கள், இரு கை விரல்களின் ரேகையும் கேட்கிறார்கள். பயிற்சிக்குப் பணம் இருக்கிறதா என்று மட்டும் கேட்பதில்லை. அதைத் தேர்வே கேட்டுக்கொள்ளும்!

பிறகு சான்றுகள். சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, வருமானச் சான்று, முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்று, பள்ளியின் படிப்புச் சான்று. பிற்படுத்தப்பட்டவர் என்று தமிழக அரசு கொடுத்த நிரந்தரச் சான்று டில்லிக்குச் செல்லாது. 'இதர பிற்படுத்தப்பட்டோர்' என்று மத்திய அரசின் மாதிரியிலே தனிச் சான்று வேண்டும். பச்சைமலையின் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைக்குச் சாதிச் சான்று தருபவர் வட்டாட்சியரும் அல்லர், வருவாய்க் கோட்டாட்சியர். அவர் அலுவலகம் ஆத்தூரிலே. ஆதார் அட்டையிலே ஒரு விதமாகவும் மதிப்பெண் பட்டியலிலே வேறு விதமாகவும் முதலெழுத்து இருந்துவிட்டால், அதைத் திருத்த ஓர் அலைச்சல். ஒரு நாள் அலைந்தால் ஒரு நாள் கூலி போயிற்று. இது தாய்க்குத் தெரியும், படிவத்துக்குத் தெரியாது.

இத்தனை கேள்விகளையும் வரிசைப்படுத்தி வைத்தவர் யார்? எந்தக் கேள்வியைக் கேட்பது, எந்தத் தகுதியை அளப்பது, எந்த ஊர்ப் பிள்ளைக்கு எந்தக் கதவைத் திறப்பது என்று தீர்மானித்தவர் யார்? இது வெறும் அலுவலகச் சமாச்சாரம் அல்ல, தோழர்களே! படிவத்தை எவன் வரைகிறானோ, அவனே டாக்டரைத் தேர்ந்தெடுக்கிறான். நூறாண்டுக்கால வரலாறு இதைத்தான் சொல்கிறது.

1921இல் நீதிக்கட்சி ஆட்சியிலே பிறந்தது வகுப்புவாரி உரிமை ஆணை. 1928இல் முத்தையா முதலியார் அமைச்சராக இருந்தபோது அது செயலுக்கு வந்தது. உத்தியோகத்துக்கென வந்த அந்த முறை பின்னர் கல்லூரி இடங்களுக்கும் வந்தது. விடுதலைக்குப் பின் இருந்த கணக்குப்படி, 14 இடங்கள் இருந்தால், பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பார்ப்பனர்களுக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் இந்தியக் கிறித்தவருக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1. எல்லோருக்கும் பந்தியிலே இலை போட்ட ஏற்பாடு அது.

அது நிலைத்ததா? செண்பகம் துரைராசன் என்பார் சென்னை மருத்துவக் கல்லூரியில் தமக்கு இந்த ஆணையால் இடம் கிடைக்காது என்று உயர்நீதிமன்றம் சென்றார். 1950இல் ஆணை செல்லாது என்றது உயர்நீதிமன்றம். 1951 ஏப்ரல் 9ஆம் நாள் உச்சநீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. இதிலே ஒரு விந்தை உண்டு. வழக்குத் தொடுத்தவர் கல்லூரிக்கு விண்ணப்பம் அனுப்பியதாகவே அவருடைய பிரமாணப் பத்திரத்தில் இல்லை! விசாரித்துப் பார்த்தேன், இடம் கிடைக்காது என்று அறிந்தேன் என்பதே அவர் வாக்குமூலம். விண்ணப்பிக்காத ஒருவரின் வழக்கிலே, விண்ணப்பித்துக் காத்திருந்த பல்லாயிரவரின் படிவம் மாற்றி எழுதப்பட்டது. தனியொருவரை நாம் குறை கூறவில்லை. நீதிமன்றத்தின் வாசலை எட்டும் வசதி யாருக்கு இருந்தது என்பதைத்தான் சுட்டுகிறோம்.

தமிழகம் வாளாவிருக்கவில்லை. பெரியார் கிளர்ந்தெழுந்தார். கழகம் கொதித்தெழுந்தது. அதே ஆண்டு ஜூன் திங்களிலே அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம் வந்தது. 15ஆம் பிரிவிலே நான்காம் உட்பிரிவு சேர்ந்தது. பின்தங்கிய மக்களுக்குத் தனி ஏற்பாடு செய்ய அரசுக்கு அதிகாரம் கிடைத்தது. இந்தியா முழுமைக்கும் கிடைத்த உரிமைக்கு விதை, சென்னை மருத்துவக் கல்லூரியின் விண்ணப்பப் படிவம்!

அடுத்த அத்தியாயம் கெங்கவல்லிக்கு இன்னும் நெருக்கமானது. மருத்துவக் கல்லூரி இடங்களை மக்கள்தொகைக்கேற்ப மாவட்டவாரியாகப் பங்கிட்டுப் பார்த்தது சென்னை மாநில அரசு. சேலத்துக்கு இவ்வளவு, தஞ்சைக்கு இவ்வளவு என்று. அப்படிப் பங்கிடாவிட்டால் சென்னை நகரத்துப் பிள்ளைகளே தங்கள் மக்கள்தொகைக்கு மிஞ்சிய இடங்களைப் பெற்றுவிடுவார்கள் என்று அரசு வாதாடியது. இராஜேந்திரன் வழக்கிலே, 1968இல், அந்த மாவட்டப் பங்கீட்டை உச்சநீதிமன்றம் தள்ளிவிட்டது. சிறந்த திறமையாளரைப் பொறுக்குவதுதான் நோக்கம். மாவட்டம் பார்ப்பது அதற்குப் பொருந்தாது என்பது தீர்ப்பின் சாரம். சட்டம் அப்படிச் சொன்னது, தலைவணங்குகிறோம். ஆனால் ஒரு கேள்வி மட்டும் அன்றும் நின்றது, இன்றும் நிற்கிறது. நகரத்துப் பிள்ளைக்குப் பத்துப் படி முன்னாலே கோடு போட்டு ஓட்டப்பந்தயம் வைத்தால், முதலில் வந்தவனைத் திறமைசாலி என்பதா, கோட்டுக்குப் பக்கத்தில் பிறந்தவன் என்பதா?

1984இல் தமிழகத்திலே நுழைவுத் தேர்வு புகுந்தது. பயிற்சிக்கூடங்கள் முளைத்தன. கிராமத்துப் பிள்ளை பின்தங்கினான். அதை நீக்க முந்தைய ஆட்சி முயன்றும் நீதிமன்றத்திலே நிற்கவில்லை. கலைஞர் ஆட்சி 2006இல் நிபுணர் குழுவின் அறிக்கையைப் பெற்று, சட்டம் இயற்றி, குடியரசுத் தலைவரின் ஒப்புதலையும் பெற்றது. 2007–08 முதல் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே போதும் என்றாயிற்று. இதை நன்றாக நினைவிலே வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்: மாநிலப் பேரவை இயற்றிய சட்டத்துக்கு டில்லி 2007இல் ஒப்புதல் தந்தது.

பிறகு வந்ததுதான் நீட். 2013இல் முதன்முதலாக நடந்தது; அதே ஆண்டு ஜூலையிலே உச்சநீதிமன்றம் அதைச் செல்லாதென்றது; 2016 ஏப்ரலிலே அந்தத் தீர்ப்பை உச்சநீதிமன்றமே திரும்பப் பெற்றது. தமிழகத்துக்கு அந்த ஓராண்டு மட்டும் விலக்கு. 2017 பிப்ரவரி 1ஆம் நாள் பேரவை விலக்குக் கேட்டு இரண்டு மசோதாக்களை ஒருமனதாக நிறைவேற்றியது. ஒப்புதல் கிடைக்கவில்லை. அந்த ஆண்டே தமிழகத்துப் பிள்ளைகள் நீட் எழுதினார்கள்.

பெரம்பலூரைத் தாண்டினால் அரியலூர் மாவட்டம். அங்கே குழுமூரிலே, மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள் அனிதா, பன்னிரண்டாம் வகுப்பிலே 1,200க்கு 1,176 மதிப்பெண் பெற்றார். பழைய முறைப்படி அவருடைய தகுதி மதிப்பெண் 200க்கு 196.75. நீட் தேர்விலே 720க்கு 86. உச்சநீதிமன்றம் வரை சென்று தன் நியாயத்தைச் சொன்னார். 2017 செப்டம்பர் 1ஆம் நாள் அந்தக் குழந்தையை இழந்தோம். 2022இல் அரியலூருக்கே அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. 2023இல் அதன் அரங்கத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. அரங்கத்திலே பெயராக இருக்க வேண்டியவரா அவர்? அந்தக் கல்லூரியிலே ஆசிரியராக இருந்திருக்க வேண்டியவர்! படிக்கும் பிள்ளைகளுக்கு ஒன்றை வலியுறுத்திச் சொல்லுகிறோம்: தேர்வு தோற்கலாம், நீங்கள் தோற்கக்கூடாது. ஒரு படிவத்தைவிட உங்கள் உயிர் பெரிது. இருந்து போராட வேண்டிய போர் இது.

2018இல் என்ன நடந்தது? தமிழகத்து மாணவர் பலருக்குக் கேரளத்திலும் இராஜஸ்தானத்திலும்கூடத் தேர்வு மையம். திருவாரூர் மாவட்டத்திலிருந்து மகனை எர்ணாகுளத்துக்கு அழைத்துச் சென்ற ஒரு தந்தை, மகன் உள்ளே தேர்வு எழுதிக்கொண்டிருக்கையிலே மாரடைப்பால் இறந்தார். அதே தேர்விலே தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகள் பிழையாக மொழிபெயர்க்கப்பட்டிருந்தன என்று மார்க்சிஸ்ட் கட்சியின் டி.கே. ரங்கராஜன் வழக்குத் தொடுத்தார். கேள்விக்கு 4 வீதம் 196 மதிப்பெண் வழங்க மதுரைக் கிளை உத்தரவிட்டது. உச்சநீதிமன்றம் அதை முதலில் நிறுத்தி வைத்து, பின் நீக்கியது. தமிழிலே எழுதலாம் என்று அனுமதி. எழுதினால் இந்தக் கதி!

நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021இல் புள்ளிவிவரத்தோடு எடுத்துக் காட்டியது. தமிழ் வழியில் படித்து மருத்துவத்தில் சேர்ந்தோர் 2016–17இல் 12.14 விழுக்காடு, 2020–21இல் 1.99. பள்ளிப் படிப்பை முடித்து மீண்டும் மீண்டும் முயன்று இடம் பெற்றோர் 2016–17இல் 12.47 விழுக்காடு, 2020–21இல் 71.42. இந்தக் கடைசி எண்ணைச் சற்று நின்று நோக்க வேண்டும். நூறு பேரிலே எழுபத்தொருவர், ஓராண்டோ ஈராண்டோ வேறு வேலை எதுவுமின்றிப் பயிற்சிக்கே செலவிட்டு வந்தவர்கள். கெங்கவல்லியின் கூலிக்காரத் தாய், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மகளை இரண்டாண்டு பயிற்சிக்கூட விடுதியிலே வைத்துச் சோறு போட முடியுமா? நீட் அளப்பது அறிவை மட்டுமா? காத்திருக்கும் வசதியையும் அல்லவா அளக்கிறது! 

தேர்வின் புனிதத்தைப் பற்றி நமக்குப் பாடம் நடத்துகிறார்கள். 2024இல் 67 பேர் 720க்கு 720 என்று அறிவிப்பு வந்தது. பாட்னாவிலும் ஹசாரிபாகிலும் வினாத்தாள் கசிந்தது வெளியாயிற்று. மறுதேர்வு வேண்டாம் என்று நீதிமன்றம் முடிவு செய்தது. கசிவு நடந்ததை அது மறுக்கவில்லை. தகுதி, தகுதி என்று முழங்குவோர், வினாத்தாளை விலைக்கு வாங்குவது எந்தத் தகுதியிலே சேரும் என்று சொல்வார்களா?

மாற்றார் ஒரு வாதம் வைப்பர். "நீட் வருமுன் மட்டும் என்ன வாழ்ந்தது? நாமக்கல் வட்டாரத்துத் தனியார் விடுதிப் பள்ளிகள்தானே இடங்களை அள்ளின? அரசுப் பள்ளிப் பிள்ளைகள் அப்போதும் ஒரு கைப்பிடிதானே?" என்பர். இதை மூடி மறைக்க நமக்கு அவசியமில்லை. உண்மைதான். சேலம், நாமக்கல் மக்களுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பதினோராம் வகுப்புப் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டாண்டு உருப்போட வைத்த பள்ளிகளை இந்தச் சமவெளி கண்டிருக்கிறது. ஆனால் நோய் இருந்தது என்பதற்காக, நோயை முற்றச் செய்யும் மருந்தைக் கொடுப்பதா? அன்று உருப்போட்டவன் பள்ளிக் கட்டணம் கட்டினான். இன்று அதன்மேல் பயிற்சிக் கட்டணமும் கட்டுகிறான். பாடப்புத்தகமாவது அரசுப் பள்ளியிலே இலவசமாகக் கிடைத்தது. ஆகவே நமது முடிவு இது: நீட் ஒழிவது தேவை, அது மட்டும் போதாது. அரசுப் பள்ளிப் பிள்ளைக்கென்று படிவத்திலே தனிக் கட்டம் வேண்டும்.

அந்தக் கட்டம் 2020இல் வந்தது. 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு. நீதிபதி கலையரசன் குழுவின் பரிந்துரைமேல், மாற்றுக் கட்சி ஆட்சியிலே வந்தது. பேரவையிலே எல்லாக் கட்சிகளும் ஆதரித்தன. ஆளுநர் கையெழுத்துக்காகக் காத்திருந்து, அக்டோபர் 29ஆம் நாள் அரசாணை போட்ட பிறகுதான், மறுநாள் ஒப்புதல் வந்தது. யார் நட்டாலும் நல்ல மரம் நல்ல மரமே. முதலாண்டிலே மருத்துவத்துக்கு 313 இடங்கள் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கென ஒதுங்கின. 2022 ஏப்ரலிலே உயர்நீதிமன்றமும் இது செல்லும் என்றது. நாமக்கல்லிலும் கள்ளக்குறிச்சியிலும் 2022 ஜனவரியிலே புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறந்தன. சேலத்திலே 1986 முதல் இருக்கிறது மோகன் குமாரமங்கலம் கல்லூரி. கெங்கவல்லியைச் சுற்றிக் கதவுகள் இருக்கின்றன. திறவுகோல் யாரிடம் என்பதே வழக்கு.

இந்த 7.5 விழுக்காட்டிலே பலர் அறியாத ஒரு நுட்பம் உண்டு. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலே படித்திருக்க வேண்டும் என்பது விதி. கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை இலவச இடம் பெற்று, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவருக்கும் வழி உண்டு. அரசு உதவி பெறும் பள்ளி இதிலே சேராது. அதாவது, ஆசைப்பட்டு ஆறாம் வகுப்பிலே கடன் வாங்கி இங்கிலீஷ் பள்ளியிலே சேர்த்து, எட்டாம் வகுப்பிலே கட்டணம் கட்ட முடியாமல் அரசுப் பள்ளிக்குத் திரும்பும் குடும்பம் இருக்கிறதே, அதன் பிள்ளை அந்தக் கட்டத்தை இழந்துவிடுகிறது! மருத்துவக் கல்லூரி விண்ணப்பம் பதினேழு வயதிலே தொடங்குவதில்லை, பெற்றோர்களே. பதினோரு வயதிலே, ஆறாம் வகுப்பிலே சேர்க்கும் நாளிலே தொடங்குகிறது.

ஆகையால் நம் கிளைக் கழகத் தோழர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. கொடி ஏற்றுவதும் கூட்டம் போடுவதும் வேண்டியவைதாம். அதோடு, நீட் விண்ணப்பக் காலத்திலே இ-சேவை மையத்தின் வாசலிலே ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள். வரும் தாய் தந்தையரின் கையிலே உள்ள சான்றுகளைப் பாருங்கள். முதலெழுத்து ஒத்திருக்கிறதா, மத்திய அரசின் மாதிரிச் சான்று இந்த நிதியாண்டிலே வாங்கியதா, பள்ளியின் படிப்புச் சான்றிலே ஆறிலிருந்து பன்னிரண்டு வரை எல்லா ஆண்டும் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். அந்தச் சான்றின் வருமானக் கணக்கிலே பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது என்பதை எடுத்துக் கூறுங்கள். பச்சைமலைப் பிள்ளைக்குச் சாதிச் சான்று தாமதமானால், கோட்டாட்சியர் அலுவலகத்துக்குத் துணைக்குப் போங்கள். மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியரைப் பார்த்து, பத்தாம் வகுப்பிலேயே சான்றுகளை வாங்கி வைக்கச் சொல்லுங்கள். இது தேர்தல் வேலையைவிடச் சிறியது என்று எண்ணாதீர்கள். ஒரு சான்று குறைந்ததால் ஓர் இடம் போனால், அந்த ஊருக்கு ஒரு டாக்டர் போனார் என்று பொருள்.

நிரப்புவது ஒரு வேலை; வரைவது இன்னொரு வேலை. 1976இல், நெருக்கடிநிலை இருளிலே, 42ஆம் திருத்தத்தின் வழியாகக் கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்குக் கொண்டுபோனார்கள். படிவம் வரையும் எழுதுகோல் அன்றுதான் நம் கையிலிருந்து நழுவத் தொடங்கியது. கழக ஆட்சி 2021 செப்டம்பர் 13ஆம் நாள் நீட் விலக்கு மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்பினார். 2022 பிப்ரவரி 8ஆம் நாள் பேரவை மீண்டும் நிறைவேற்றியது. டில்லிக்குப் போயிற்று. ஒப்புதல் மறுக்கப்பட்டது என்று 2025 ஏப்ரல் 4ஆம் நாள் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பேரவையிலே அறிவித்தார். அந்த ஆண்டு நவம்பரிலே தமிழக அரசு உச்சநீதிமன்றத்திலே வழக்குத் தொடுத்தது. 2007இல் ஒப்புக்கொண்ட உரிமையை 2017இலும் 2025இலும் மறுக்கிறார்கள். மாறியது அரசியல் சட்டமா, ஆண்டவர்களின் மனமா?

மனம் மாறாது என்று சோர்வோருக்கு ஒரு செய்தி. அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு மாநிலங்கள் கொடுத்த மருத்துவ இடங்களிலே இதர பிற்படுத்தப்பட்டோருக்கு இடமே இல்லாதிருந்தது. கழகமும் தோழமைக் கட்சிகளும் வழக்குத் தொடுத்தன. 2020 ஜூலை 27ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றம் நம் பக்க நியாயத்தை ஏற்றது. மறு ஆண்டு ஜூலையிலே 27 விழுக்காடு தருவதாக ஒன்றிய அரசே அறிவித்தது. கெங்கவல்லியிலிருந்து விண்ணப்பிக்கும் பிள்ளைக்கு மட்டுமல்ல, பீகாரிலும் ஒரிசாவிலும் விண்ணப்பிக்கும் பிள்ளைக்கும் அந்தக் கட்டம் திறந்தது. 1951இல் நடந்ததும் இதுதான். 2021இல் நடந்ததும் இதுதான். தமிழகம் தனக்காகக் கேட்டது. நாடு முழுவதும் பெற்றது.

கல்விக்கு ஒப்புதல் கேட்டு டில்லி வாசலிலே நிற்பது நம் பிள்ளைகளுக்குப் பரம்பரைச் சொத்தாகிவிடக் கூடாது. கல்வி மாநிலப் பட்டியலுக்குத் திரும்பும் வரை இந்த வழக்கு முடியாது. அதுவரை, ஆறாம் வகுப்பிலே சேரும் ஒவ்வொரு குழந்தையின் பெயரையும் நம் தோழர்கள் குறித்து வைத்துக்கொள்ளட்டும். ஏழாண்டு கழித்து அவர்களில் யார் யார் விண்ணப்பித்தார்கள் என்று நாம் கேட்போம். கணக்குச் சொல்ல வேண்டும்.